துப்பாக்கிக்கு ஒரு ஜாதகம்

தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிற சாக்கில் எங்கள் வீட்டுப் பரணைக் கிளறியபோது ஒரு பித்தளை அண்டா கீழே இறங்கியது. பார்த்த மாத்திரத்தில், "இது என் கல்யாணச் சீர்!" என்றார் என் மாமியார். புளி போட்டுத் துலக்கியதும் விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துக்கள் பளிச்சென்று தெரிந்தன. முதலெழுத்துக்கள் மாமியாருடையவைதான். ஆனால் பக்கத்தில் ஒரு தேதியும் இருந்தது. அது அவருடைய கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் பிந்திய தேதி!

மாமியார் மோவாயில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். "அட, ஆமாம்! இது சீமந்தத்துக்கு அம்மா கொடுத்தது. கல்யாண அண்டா இதைவிடப் பெரிசு. அதைத்தான் எப்போதோ போட்டுவிட்டு வேறு பாத்திரம் வாங்கினோமே!" என்றார். மனிதர்களின் ஞாபகம் சறுக்கிய இடத்தில் பித்தளையின் ஞாபகம் சறுக்கவில்லை.

அண்டாவுக்குச் சரி. ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கி கையில் கிடைத்தால், அது எந்த ஊரில் பிறந்தது, எந்த வருஷம் பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று எப்படிச் சொல்வது? அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற வேலையைப் பார்த்தால் நமக்கு அப்படியொன்றும் புதிதாகத் தோன்றாது. துலக்குவது, எழுத்தைப் படிப்பது, தேதியைக் கணக்குப் பார்ப்பது, வீட்டுப் பெரியவர்கள் சொன்னதோடு அதை ஒப்பிடுவது – அவ்வளவுதான். துப்பாக்கியைக் கண்டாலே நடுங்குகிற சகோதரிகளும் தைரியமாக மேலே படிக்கலாம். இந்தக் கட்டுரையில் ஒரு தோட்டாகூட உங்கள் பக்கம் வராது!

அளவு கொடுத்துத் தைத்த ரைபிள்

துப்பாக்கியில் இரண்டு ஜாதி உண்டு. பட்டாளத்துக்கென்று ஆயிரக்கணக்கில், ஒரே அச்சாகச் செய்வது ஒன்று. ஒரு தனி மனிதருக்காக, அவர் கேட்டபடி செய்வது மற்றொன்று. கடையில் தொங்குகிற ரெடிமேட் ரவிக்கைக்கும், அளவு கொடுத்துத் தைத்த ரவிக்கைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

லண்டனில் பெயர் பெற்ற துப்பாக்கிக் கடைகளுக்குப் போனால் தையற்காரரைப்போல் அளவு எடுப்பார்கள். கை எவ்வளவு நீளம், தோள் எவ்வளவு அகலம், கன்னத்தை மரக்கட்டையில் சாய்த்தால் கண் எங்கே வருகிறது – எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொள்வார்கள். வாங்குகிறவர் குட்டையானவராக இருந்தால் கட்டையும் குட்டை. இடக்கைக்காரராக இருந்தால் கட்டை இந்தப் பக்கம் வளையாமல் அந்தப் பக்கம் வளையும். அப்படிச் செய்த ரைபிளை நூறு வருஷம் கழித்து ஒருவர் தோளில் வைத்துப் பார்த்தால், முதல் சொந்தக்காரரின் உடல்வாகு ஓரளவு தெரிந்துவிடும். பாட்டியின் பழைய ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, "பாட்டி எவ்வளவு ஒல்லி!" என்று நாம் வியக்கவில்லையா?

முதலில் ஒரு எச்சரிக்கை

ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை. பெரியவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குழந்தைகள் தொடும்படி விடக் கூடாது. உள்ளே தோட்டா இல்லை என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பக் கூடாது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க லைசென்சு வேண்டும். தாத்தாவின் லைசென்சு தாத்தாவோடு போயிற்று. வாரிசுகள் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்சு உள்ள வியாபாரியிடமோ அதை ஒப்படைத்துவிட்டு, தங்கள் பெயருக்கு முறைப்படி மனுச் செய்துகொள்ள வேண்டும்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் புகையில்லா வெடிமருந்து வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் கரி மருந்து. கரி மருந்துக்கென்று செய்த பழைய குழலில் புது மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடலாம்; சுடுகிறவரின் விரலும் கண்ணும் போகலாம். ஆகவே ஒரு துப்பாக்கியின் வயதைச் சரியாகச் சொல்வது வெறும் பொழுதுபோக்குச் சமாசாரம் அல்ல.

இன்னொன்று. நான் அண்டாவுக்குச் செய்ததைத் துப்பாக்கிக்குச் செய்துவிடாதீர்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், மெல்லிய முத்திரைகள் தேய்ந்து மறைந்துபோகும். வந்து பார்க்கிற நிபுணர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

குழலின் மேல் ஒரு பெயர் வெட்டியிருக்கும். முதலில் கண்ணில் படுவது அதுதான். முதலில் ஏமாற்றுவதும் அதுதான்.

அந்தப் பெயர் செய்தவருடையதாகவும் இருக்கலாம். விற்ற கடைக்காரருடையதாகவும் இருக்கலாம். கல்கத்தாவில் மான்டன், ராடா என்று பெரிய ஆயுதக் கடைகள் இருந்தன. நம் சென்னை மவுண்ட் ரோடில் கடிகாரத்துக்கும் வெள்ளிச் சாமானுக்கும் பேர் போன பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயரைத் தாங்கிய துப்பாக்கிகள்கூட உண்டு. பெயர் சென்னையாக இருந்தாலும் பிறப்பு பர்மிங்காமாக இருக்கும். ஜவுளிக் கடை தன் பெயரை அச்சடித்த பையில் புடைவையைப் போட்டுக் கொடுத்தால், புடைவையை அந்தக் கடையே நெய்தது என்று ஆகிவிடுமா?

போலிகளும் இல்லாமல் இல்லை. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்பது புகழ் பெற்ற ஆங்கிலக் கம்பெனி. பெல்ஜியத்தில் செய்த மலிவுத் துப்பாக்கிகள் சிலவற்றில் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று வெட்டி அனுப்பினார்கள். அவசரமாகப் படிக்கிறவர் ஏமாறட்டும் என்றுதான்!

பெயரைவிடப் பெரிய துப்பு, பெயரோடு இருக்கும் விலாசம். கடைகள் தெரு மாறும். எந்த வருஷம் எந்தத் தெருவில் இருந்தது என்பது பழைய விலாசப் புத்தகங்களில் இருக்கும். தெருவைக் கண்டால் ஏறக்குறைய காலத்தைச் சொல்லிவிடலாம்.

மறைந்திருக்கும் முத்திரைகள்

நகைக்கு முத்திரை இருப்பதுபோல் துப்பாக்கிக்கும் உண்டு. இங்கிலாந்தில் செய்த குழலை விற்பதற்கு முன்னால் ஒரு சோதனைச் சாலைக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். பிழைத்த குழலுக்கு முத்திரை. பிழைக்காததற்கு? அது கடைக்கே வராது. அக்கினிப் பரீட்சை என்று சொல்லலாம்!

லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு அரசரின் சாசனம் கிடைத்தது 1637-ல். பர்மிங்காம் நகரத்துக்குப் பார்லிமெண்டு சட்டத்தின் மூலம் தனிச் சோதனைச் சாலை கிடைத்தது 1813-ல். இரண்டு ஊர் முத்திரையும் வேறு வேறு. கிரீடம் இரண்டிலும் உண்டு; அதன் கீழே இருக்கிற எழுத்துக்கள்தான் ஊரைக் காட்டிக் கொடுக்கும். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்து முத்திரை ஒரு முட்டை வடிவத்துக்குள் மூன்று எழுத்துக்கள். 1893-லிருந்து அந்த முட்டையின் தலையில் ஒரு கிரீடமும் ஏறியது. கிரீடம் இருந்தால் 1893-க்குப் பின். கிரீடம் இல்லாவிட்டால் முன். எவ்வளவு சுலபம், பாருங்கள்! ஜெர்மனியர் இன்னும் ஒரு படி மேலே போய், சில குழல்களில் சோதனை நடந்த மாதத்தையும் ஆண்டையும் எண்ணாகவே பதித்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் புகையில்லா மருந்துக்கென்று 'என்.பி.' என்ற தனி முத்திரை 1904-ம் ஆண்டு விதிகளோடு வந்தது. 1925-ல் வந்த விதிகளில் ஒரு வேடிக்கை உண்டு. அயல் நாட்டில் செய்த துப்பாக்கி இங்கிலாந்தில் சோதனைக்கு வந்தால், 'ஆங்கிலத் தயாரிப்பு அல்ல' என்று அதன் மேலேயே பதித்துவிடுவார்கள். பாவம், அந்தத் துப்பாக்கி எந்தச் சபைக்குப் போனாலும், "நான் இந்த வீட்டுப் பெண் அல்ல" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டியதுதான்!

இந்த முத்திரைகள் பெரும்பாலும் வெளியே தெரியா. குழலின் அடிப்பக்கத்தில், மரக்கட்டைக்குள் மறைந்திருக்கும். கட்டையைக் கழற்றினால்தான் தரிசனம். கழற்றுகிற வேலை நம்முடையதல்ல, தொழில் தெரிந்தவருடையது.

1907-ல் வந்த தடை

குழலின் உள்வாய் எவ்வளவு அகலம் என்பதும் வயதைச் சொல்லும். இதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

அந்தக் காலத்துப் பெரிய வேட்டை ரைபிள்களில் .450 அங்குல வாய் உள்ளவை பிரசித்தம். பட்டாளத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி ரைபிளுக்கும் அதே .450 அளவுதான். வேட்டைக்கென்று வருகிற தோட்டா, அரசாங்கத்தை எதிர்க்கிறவர்கள் கையில் இருக்கும் பழைய பட்டாளத் துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடுமே என்ற பயம் வெள்ளைக்காரர்களுக்கு வந்தது. 1907-ல் இந்தியாவுக்குள் .450 ரைபிள்களும் தோட்டாக்களும் வரக் கூடாது என்று தடை போட்டார்கள்.

லண்டன் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ராஜாக்களும் ஜமீன்தார்களும் கலெக்டர்களும் உள்ள இந்தியச் சந்தையை விட மனம் வருமா? உடனே .465, .470, .475 என்று வாயைக் கொஞ்சம் அகலப்படுத்திப் புதுப் புது அளவுகளைக் கொண்டுவந்தார்கள். ஆக, இந்தியாவில் ஒரு பழைய .470 ரைபிளைக் கண்டால், அந்தத் தடையின் நிழல் அதன் மேல் விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இதே மாதிரி .416 ரிக்பி பிறந்தது 1911-ல்; .375 மாக்னம் பிறந்தது 1912-ல். தோட்டா பிறப்பதற்கு முன்னால் அதற்கான குழல் பிறந்திருக்க முடியாது அல்லவா? "1905-ல் என் தாத்தா வாங்கிய .416" என்று ஒருவர் பெருமை அடித்தால், பேசாமல் சிரித்துக்கொள்ளுங்கள்.

பிறந்த வீடும் புகுந்த வீடும்

இங்கேதான் ஒரு சிக்கல். ஒரே துப்பாக்கிக்கு இரண்டு மூன்று பிறந்த நாள் இருக்கலாம்.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்பு யந்திரப் பகுதி ஒன்று; குழல் ஒன்று; மரக்கட்டை ஒன்று. இந்த யந்திரப் பகுதியைச் செய்வதில் பெரிய கை, ஜெர்மனியில் ஓபர்ண்டார்ஃப் என்ற ஊரிலிருந்த மௌசர் தொழிற்சாலை. அதன் 1898-ம் ஆண்டு மாதிரி உலகம் முழுவதும் புகழ் பெற்றது. லண்டன் கடைகள் அதை வாங்கி, தங்கள் குழலையும் கட்டையையும் பூட்டி, தங்கள் பெயரை வெட்டி விற்றார்கள். பிறந்த வீடு ஜெர்மனி. புகுந்த வீடு இங்கிலாந்து! பெயர்கூட மாறும். ஏழு மில்லிமீட்டர் என்று ஜெர்மனியில் பெயர் வைத்த தோட்டா, ரிக்பி கம்பெனிக்கு வந்ததும் .275 என்று அங்குலக் கணக்கில் புதுப் பெயர் பெற்றது. ஆள் என்னவோ ஒரே ஆள்தான்.

அமெரிக்காவில் வேறு விதம். அங்கே 1903-ம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு என்ற பட்டாள ரைபிளை எடுத்து, அதையே அழகான வேட்டை ரைபிளாக மாற்றுவார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அப்படிச் செய்த ஒன்றை 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனார். அவருடைய ஆப்பிரிக்கப் பயணப் புத்தகத்தைப் படித்துவிட்டு, நியூயார்க்கில் மரச் சாமான் செய்துகொண்டிருந்த சீமோர் கிரிஃபின் என்பவர் தாமும் ஒரு கட்டை செதுக்கிப் பார்த்தார். நண்பர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். 1923-ல் 'கிரிஃபின் அண்ட் ஹோ' என்ற கம்பெனியே பிறந்துவிட்டது. அந்த மாதிரி ரைபிளில் இரும்பின் மேல் ஒரு எண் இருக்கும். அது பட்டாளத் தொழிற்சாலை வருஷத்தைக் காட்டும். கட்டை செதுக்கியது அதற்குப் பல வருஷம் கழித்து. இரும்பின் எண்ணை மட்டும் பார்த்து வயது சொன்னால், மணப்பெண்ணின் வயதைச் சொல்லச் சொன்னதற்கு அவள் அம்மாவின் வயதைச் சொன்ன கதையாகும்!

எங்கள் வீட்டு அரிவாள்மணை ஞாபகம் வருகிறது. கொள்ளுப்பாட்டி காலத்தது என்று பெயர். அலகை இரண்டு தடவை மாற்றியாயிற்று. பலகையை ஒரு தடவை மாற்றியாயிற்று. இருந்தாலும் அது கொள்ளுப்பாட்டியின் அரிவாள்மணைதான். வீட்டுக்கு அது போதும். நிபுணருக்குப் போதாது. எந்தத் துண்டு எந்த வருஷம் என்று தனித் தனியாகக் கேட்பார்.

எண்ணும் பேரேடும்

எல்லாத் துப்புக்களுக்கும் மேலே ஒரு துப்பு, வரிசை எண். நல்ல கம்பெனிகள் தாங்கள் செய்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு எண் கொடுத்து, யாருக்காக, எந்தத் தேதியில், என்னென்ன விசேஷங்களோடு செய்தோம் என்று பேரேட்டில் எழுதி வைத்தார்கள். எண்ணைச் சொல்லி எழுதிக் கேட்டால், பேரேடு பத்திரமாக இருக்கிற பட்சத்தில் பதில் வந்துவிடும். குழலில் இருப்பது ஜாதகத்தின் தலைப்பு. பேரேட்டில் இருப்பது ஜாதகமே.

எண்ணின் மகிமைக்கு நம் சுதந்திரப் போராட்டச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1914 ஆகஸ்டு 26-ந் தேதி கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்து இறங்கிய சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்காளப் புரட்சி வீரர்கள் மாயமாக மறைத்துவிட்டார்கள். மாட்டு வண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டு போனார்கள்! ஆனால் கம்பெனியார் ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் குறித்து வைத்திருந்தார்கள். பிறகு பல இடங்களில் துப்பாக்கி அகப்பட்டபோது, "இது ராடா சரக்கு" என்று போலீசார் கண்டுகொண்டது அந்த எண்ணை வைத்துத்தான். ஒரு சிறு எண்ணில் எத்தனை வீடுகளின் தலைவிதி தொங்கியது!

வெள்ளித் தகடு சொன்ன கதை

இனி ஒரு துப்பாக்கியின் கதையைச் சொல்கிறேன். வேட்டைக் கதை பிரியர்களுக்கு ஜிம் கார்பெட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நைனிடாலில் பிறந்தவர், மனிதர்களைத் தின்னும் புலிகளைத் தேடிச் சென்று கொன்றவர், 1944-ல் 'குமாவும் புலிகள்' பற்றிய புத்தகத்தால் உலகப் புகழ் பெற்றவர். அவருடைய ரைபிள்களில் ஒன்று .275 ரிக்பி. 1775-ல் டப்ளினில் தொடங்கிய கம்பெனியின் லண்டன் வேலைப்பாடு. உள்ளே மௌசர் யந்திரம். மெலிந்த, கைக்கு அடக்கமான ரைபிள். அதன் கட்டையில் முட்டை வடிவத்தில் ஒரு வெள்ளித் தகடு பதித்திருக்கிறது.

1907-ல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினென்ட் கவர்னர் ஸர் ஜே. பி. ஹீவெட் கார்பெட்டுக்கு இதைப் பரிசளித்தார் என்பதே தகட்டில் உள்ள செய்தி.

"அப்படியானால் சம்பாவத் புலியைக் கொன்ற ரைபிள் இதுதான்!" என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கேதான் என் மாமியாரின் அண்டாவை நினைத்துக்கொள்ள வேண்டும். தகட்டை நிதானமாகப் படியுங்கள். கொன்றதைப் பாராட்டிக் கொடுத்த ரைபிள். கொன்ற ரைபிள் அல்ல. புலி செத்த பிறகு வந்த பரிசு இது. புலியின் எதிரே நின்றபோது கார்பெட்டின் கையில் இருந்தது வேறொரு கனத்த ரைபிள். அதற்கு அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தபின், சம்பாவத் தாசில்தாரின் துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கிக் கடைசிக் குண்டைச் சுட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் புலி ஏன் அவ்வளவு பேசப்பட்டது? நேபாளத்திலும் குமாவுமிலுமாக 436 பேரை அது கொன்றதாகக் கார்பெட் கணக்குச் சொல்கிறார். அவர் சொல்லும் சம்பவங்களில் அடிபட்டவர்கள் யார் தெரியுமா? மாட்டுக்குத் தழை ஒடிக்கப் போன பெண். சுள்ளி பொறுக்கப் போன பதினாறு பதினேழு வயதுப் பெண். பயம் என்று வீட்டில் உட்கார முடியுமா? அடுப்பு எரிய வேண்டும். மாடு தின்ன வேண்டும். ஆகவே போனார்கள், போனவர்களில் சிலர் திரும்பவில்லை.

ஒரு கிராமத்தில் அக்காவும் தங்கையும் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியைப் புலி தூக்கிக்கொண்டு போயிற்று. மற்றவள் அரிவாளை ஓங்கிக்கொண்டு, அவளை விட்டுவிட்டுத் தன்னை எடுத்துக்கொள்ளும்படி கதறிக்கொண்டே புலியின் பின்னால் ஓடினாள். புலி திரும்பி அவளை விரட்டியது. கிராமத்துக்கு ஓடி வந்து சேர்ந்தவளுக்கு வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அன்று போன பேச்சு ஒரு வருஷமாக வரவில்லை. புலியைக் கொன்றபின் கார்பெட் தோலை எடுத்துக்கொண்டு அந்த வழியாகத் திரும்பியபோது, அவள் பார்க்கட்டும் என்று அங்கே நிறுத்தினார். தோலைக் கண்டதும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. ஊராரைக் கூவிக் கூவி அழைத்துக்கொண்டு தெருவில் ஓடினாளாம்.

வெள்ளித் தகட்டில் இந்தப் பெண்ணின் பெயர் இல்லை. ஆனால் அந்தத் தகடு எதற்காக வெட்டப்பட்டது என்று கேட்டால், அவளுக்காகவும்தான் என்று நான் சொல்லுவேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலப் பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ, யாரோ சுட்ட ஒரு குண்டின் வேலை அது. பல் போன புலியால் காட்டு மிருகங்களைப் பிடிக்க முடியவில்லை. அதனால்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்பது அவர் முடிவு. 436 பேரின் சாவுக்கும் தொடக்கம் ஒரு துப்பாக்கி! அந்தத் துப்பாக்கிக்கு வெள்ளித் தகடு கிடையாது. அதைச் சுட்டவர் இன்னாரென்று எந்தப் பேரேட்டிலும் தேட முடியாது.

பரிசு கொடுத்த நாளைப் பற்றியும் கார்பெட் எழுதுகிறார். நைனிடால் தர்பாரில் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கி, தம்மோடு துணைக்கு வந்த மனிதருக்கு ஒரு வேட்டைக் கத்தி. இரண்டிலும் எழுத்துப் பொறித்திருந்தது. அந்தக் குடும்பங்களில் அவை தலைமுறை தலைமுறையாக இருக்கும் என்று மகிழ்ந்து சொல்கிறார். தமக்கு வந்த ரைபிளைப் பற்றி அங்கே பேச்சையே காணோம். அதைச் சொல்ல வெள்ளித் தகடுதான் வேண்டியிருந்தது.

வீடு திரும்பிய ரைபிள்

கார்பெட் பிறகு வேட்டையைக் குறைத்துக்கொண்டு, புலிகளைப் படம் பிடிப்பதிலும் அவற்றைக் காப்பாற்றச் சொல்வதிலும் மனத்தைச் செலுத்தினார். 1947-ல் தம் சகோதரி மாகியோடு கென்யாவுக்குப் போய்விட்டார். 1955-ல் அங்கேயே காலமானார். ரைபிள் அவருடைய புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வசம் நெடுங்காலம் இருந்தது. 2015-ல் அதைச் செய்த ரிக்பி கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. 2016-ல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, கார்பெட் வாழ்ந்த குமாவும் மலைப் பக்கமே ஒரு நடை காட்டிவிட்டுப் போனார்கள். பெண் பிறந்த வீட்டுக்கு வந்தாளா, புகுந்த வீட்டுக்கு வந்தாளா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்!

இடையில் காலமும் மாறிவிட்டது. 1936-ல் ஏற்பட்ட அந்த வட்டாரத்து வனவிலங்குப் பூங்காவுக்குக் கார்பெட் இறந்தபின் அவருடைய பெயரையே வைத்தார்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவைச் சாத்தியது. அடுத்த வருஷமே, 1973-ல், புலிகளைக் காக்கும் திட்டம் அந்தப் பூங்காவிலேயே தொடங்கியது. பழைய வேட்டை ரைபிள்களுக்கு இனி வேலை இல்லை. தாங்கள் யார் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான் பாக்கி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் அநேகர் வீட்டில் ரைபிள் இராது. இராததே நிம்மதி! ஆனால் அண்டா இருக்கும், வெற்றிலைச் செல்லம் இருக்கும், தாத்தாவின் கடிகாரம் இருக்கும். எழுத்தும் எண்ணும் எந்த வருஷம் என்று சொல்லும். எதற்காக என்று சொல்லாது. எங்கள் அண்டாவில் தேதி இருந்தது. சீமந்தம் என்று இல்லை. அதைச் சொல்ல மாமியார் இருந்தார்.

அன்று மாலையே ஒரு காகிதத்தில், "சீமந்தத்துக்கு அம்மா கொடுத்தது" என்று எழுதி மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "எந்த அம்மா என்று எழுதவில்லையே? நாளைக்குப் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல, பாட்டியின் முழுப் பெயரையும் ஊரையும் எழுதிச் சேர்த்தேன். காகிதத்தை மடித்து அண்டாவுக்குள் வைத்து, அண்டாவைப் பரணில் ஏற்றியாயிற்று.